இத்தாலிய மொழியில் கேட்கக் கூடாத கேள்வி

“வாயத் தொறந்து தமிழே கதைக்காத புள்ள, இத்தாலி பாஷை கதைக்கப் போவுதாக்கும்” என்றார் மாமி.

எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியை அம்மா சொல்லி முடிக்கும் முன்பே இதைச் சொல்லிவிட்டார். அவர் கையில் அம்மா கொடுத்த தேநீர் இருந்தது. சீனி போதாது என்று அதற்கு முன்தான் சொல்லியிருந்தார். மாமி என்றால் அப்பாவின் அக்கா. அவருக்கு ஒரு மகன் உண்டு. அந்த மகனுக்காக என்னை எப்போதோ மனதில் எழுதிவைத்திருந்தார். அதனால் அவர் சொன்னதில் கொஞ்சம் நட்டமும் கலந்திருந்தது என்று பின்னால் விளங்கியது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மாமி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

இது இன்று ஞாபகம் வந்ததற்குக் காரணம், நான் போட்டிருக்கும் இந்தக் கம்பளிச் சட்டை. ஒரு நீண்ட மண்டபத்தில் கதிரையொன்றில் உட்கார்ந்திருக்கிறேன். குளிர் எலும்பில் ஏறுகிறது. என்ன மண்டபம், எதற்குக் காத்திருக்கிறேன் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள். கேட்காமல் இருப்பது நல்லது, ஏன் என்று சொல்கிறேன். குளிர் தாங்காமல் சட்டையின் கழுத்தை மூக்குவரை இழுத்தேன். அதில் அந்தச் சவர்க்கார வாசம் இருந்தது.

அது பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த திலினியின் வாசம். எங்கள் இத்தாலிய மொழி வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வாசம் இருந்தது. எங்கள் ஊரான உடப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற எவருக்கும் அந்தக் கரையைத் தெரியும். சிலாபம் தாண்டி, மாரவில தாண்டி, வென்னப்புவ வரும்போது தெருவோரம் இத்தாலிக் காசில் கட்டிய மாடிவீடுகள் தொடங்கும். வாசலில் இரண்டு சிமெந்துச் சிங்கங்கள், உள்ளே ஒரு ஆச்சியும் பேரப்பிள்ளையும் மட்டும். தாயும் தகப்பனும் இத்தாலியில் யாரோ ஒரு முதியவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து வருகிற பெட்டிகளில் சொக்லட்டோடு சவர்க்காரத்தூளும் வரும். அந்தத் தூளில் தோய்த்த உடுப்புகளோடு அந்த வீட்டுப் பிள்ளைகள் இத்தாலிய மொழி படிக்க வந்தார்கள். பலருக்கு அது பாதி தெரிந்த மொழி. தாயோடு தொலைபேசியில் கேட்ட மொழி, விடுமுறைக்குப் போய்ப் பழகிய மொழி.

நான் கருவாட்டு வாசத்தோடு போனேன். அதை வெட்கத்தோடு சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பேனை பிடித்த முதல் கை என்னுடையது. அப்பாவுக்குப் பாடசாலையின் வாசல் மட்டும் தெரியும், அதுவும் என்னை விடப்போனதால். அம்மாவை எழுத்துக்கூட்டத் தொடங்கும்போதே மறித்துவிட்டார்கள். உயர்தரத்தில் என்ன பாடம் படிக்கிறேன் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது, ஆனால் மண்ணெண்ணெய் விளக்குக் காலத்திலும் என் மேசைக்கு வெளிச்சம் குறைந்ததில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் அந்த வகுப்புக்குள் நுழைந்தேன். கடைசி வரிசைக் கதிரையைத் தேடிப் பிடித்தது வேறு விஷயம்.

மற்றவர்கள் ஒரு மொழி படித்தார்கள். நான் இரண்டு படித்தேன். பாடத்தை விளங்கப்படுத்துவது சிங்களத்தில். எனக்கிருந்த சிங்களம் மீன் விற்கிற சிங்களம். விலை சொல்லவும் குறைக்க மாட்டேன் என்று சொல்லவும் போதும், இலக்கணம் கேட்கப் போதாது. அகராதி ஆங்கிலத்தில். ஒரு சொல் என்னிடம் வந்து சேர்வதற்குள் மூன்று ஊர் சுற்றிக் களைத்துப்போயிருக்கும். எழுதுவதில் நான் மோசமில்லை. ஆனால் பேசச் சொன்னால் புத்தகத்துக்குள் குனிந்துகொள்வேன்.

அதற்கும் ஒரு பழக்கம் காரணம். நான் முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஏறிய நாளில் அம்மா அடையாள அட்டையைப் பையின் உள்ளறையில் வைத்து ஊசி குத்தினார்.

“பஸ்ஸுல தமிழ்ல சத்தமாக் கதைக்காத. யாரும் கேட்டா மட்டும் சொல்லு.”

“சண்டை முடிஞ்சுதேம்மா.”

“முடிஞ்சுது, ஓம். ஆனா கதைக்காத.”

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் சந்தியில் இருந்த சோதனைச்சாவடியின் மண்மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பஸ் அந்த இடத்துக்கு வரும்போது ஆட்கள் தாமாகவே பேச்சை நிறுத்துவார்கள். நானும் நிறுத்துவேன்.

அந்த இடத்தில் சின்ன வயதில் ஒரு தரம் அப்பாவோடு இறங்கியிருக்கிறேன். வரிசையில் நின்றோம். ஒரு சிப்பாய் அப்பாவிடம், “கொஹெத யன்னே?” என்று கேட்டார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். அப்பா தலையைக் குனிந்து, “ஹலாவத்த, மாத்தயா” என்றார். சிலாபத்துக்கு ஐயா. அது அப்பாவின் குரல் இல்லை. கடற்கரையில் அவர் கூப்பிட்டால் அடுத்த மீன்வாடிக்குக் கேட்கும். அன்று வந்தது யாரோ சின்னப்பிள்ளையின் குரல்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புறப்படுகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் நிற்கும் என்பார்கள். தரைப்பயணம் என்றால் பரிகாரம் உண்டு. கேட்கப்பட்டவர் திரும்ப வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படலாம். கடலுக்கென்றால் அப்பா அந்தப் பரிகாரத்தையும் ஏற்க மாட்டார். அவர் விடியப்புறம் வலையைத் தோளில் போட்டுப் படலையைத் திறக்கும் நேரம், அம்மா நிறைகுடத்தோடு எதிரே வருவார். தற்செயலாக வருவதுபோல் வர வேண்டும். அதற்காக வேலிக்குப் பின்னால் முன்கூட்டியே போய் நிற்பார். தினமும் அந்தத் தற்செயல் நடக்கும். இருவரும் ஒரு சொல் பேசமாட்டார்கள்.

எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, “எங்கப்பா போறீங்க?” என்று கேட்டுவிட்டேன். அம்மா குடத்தோடு அப்படியே நின்றார். அப்பா வலையை இறக்கினார், சேட்டைக் கழற்றினார், பாயை விரித்துப் படுத்துவிட்டார். அம்மா அன்று பகல் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. மத்தியானம் வெறும் சம்பலோடு பாண் தின்றோம். என் வாயிலிருந்து வந்த ஒரு கேள்வியால் ஒரு தோணியையே நிறுத்த முடிந்தது என்று எனக்கு அன்று தெரிந்தது. அதற்குப்பின் அந்த வாயை நான் மிகக் கவனமாக வைத்திருந்தேன்.

ஆகவே சந்தியில் சிப்பாய் கேட்டதும், அப்பா வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடிப்பார் என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை. பேசாமல் பஸ்ஸில் ஏறினார். சிலாபம் போகும்வரை ஏதோ நடக்கப்போகிறது என்று அவர் சேட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடக்காமல் விட்டது என்று என் மனம் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கும். இத்தாலிய மொழிப் புத்தகத்தில் மூன்றாவது பாடம் தெருவில் சந்திக்கும் இருவர் பற்றியது. முதல் வசனம் வணக்கம். இரண்டாவது, எங்கே போகிறீர்கள். அந்த மொழியில் அதற்கு இரண்டே சொற்கள். விரிவுரையாளர் மேடம் எல்லாரையும் எழுப்பி, வகுப்புக்குள் நடந்து ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார். கடைக்கு, கடற்கரைக்கு, ரோமாபுரிக்கு என்று ஒரே ஆரவாரம். நான் மலசலகூடத்துக்குப் போனேன். அடுத்த முறை அந்தப் பயிற்சி வந்தபோதும் போனேன். திலினி சிங்களத்தில் கேட்டாள், “உனக்கு என்னடி வயிற்றில் வருத்தம்? மூன்றாம் பாடத்துக்கு மட்டும் வருகிற வருத்தமா?”

அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. படித்த பிள்ளை இதையெல்லாம் நம்புகிறாளே என்று நினைப்பாள் என்று பெருமை தடுத்தது. நம்புகிறேனா என்றும் எனக்குத் தெரியாது. நம்பாமல் இருந்து பார்க்கப் பயம், அவ்வளவுதான். பரிசோதனைக்கு வைப்பது அப்பாவின் உயிரல்லவா.

வருட முடிவில் வாய்மொழிப் பரீட்சை வந்தது. அதில் தவறினால் இரண்டாம் வருடத்தில் இத்தாலிய மொழி இல்லை. அது மட்டுமல்ல. மாமி விடாமல் வந்து போய்க்கொண்டிருந்தார். அப்பா கடைசியில் ஒரு முடிவு சொல்லியிருந்தார்: “ஒரு வருசம் பாப்பம். புள்ள பாஸ் பண்ணினா படிக்கட்டும். இல்லாட்டி அக்கா சொல்லுறபடி செய்வம்.” மாமியின் மகன் கெட்டவன் இல்லை. எனக்கு அவனைப் பிடிக்காமலும் இல்லை. ஆனால் அந்தக் கதவால் உள்ளே போனால் வேறெந்தக் கதவும் எனக்குத் திறக்காது என்று தெரியும்.

பரீட்சையன்று விடிய அம்மா தொலைபேசி எடுத்தார்.

“அப்பா போயிட்டாரு. காத்து ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நீ யோசிக்காம நல்லா எழுது.”

“எழுதுறதில்லம்மா. கதைக்கிற பரீட்சை.”

“கதைக்கிறதுக்கு என்னா பரீட்சை? வாயிருந்தாப் போதுமே.”

வாய் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. காற்று ஒரு மாதிரி என்று அம்மா சொன்னால் அது நல்ல மாதிரி இல்லை. அறைக்கு வெளியே வரிசையில் நின்றபோது என் பல் அடித்துக்கொண்டது. திலினி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். “குளிர்தான். உள்ளே ஏசி” என்றாள். குளிரல்ல என்று அவளுக்குத் தெரியும். பிறகு தயங்கிச் சொன்னாள், “தோய்த்துவிடாதே. அம்மா அங்கே தோய்த்து அனுப்பியது. வாசம் போய்விடும்.” அவளுடைய அம்மா அவள் நடக்கப் பழகும்போதே இத்தாலிக்குப் போனவர். அந்த வாசத்தை நான் அதுவரை பணக்கார வாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

உள்ளே மேடமும், இத்தாலியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவரும் இருந்தார்கள். வயதானவர், கண்ணாடி மூக்கின் நுனியில். பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன், உடைந்த குரலில். பிறகு அவர் எழுந்தார். “நான் உன் அயல்வீட்டுக்காரன். விடியற்காலை. பையோடு வீட்டிலிருந்து புறப்படுகிறேன். நீ என்னைக் காண்கிறாய். கதைப்போம்” என்றார்.

தொப்பியைப் போட்டார். பையைத் தோளில் மாட்டினார். கதவை நோக்கி நடந்தார். மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் நின்று, நான் கேட்பதற்காக இடம் விட்டு நடந்தார்.

இரண்டு சொற்கள். நித்திரையில் எழுப்பினாலும் சொல்லுவேன். நாக்கில் இருந்தன. ஆனால் எனக்குத் தெரிந்தது பையல்ல, வலை. தொப்பிக்குக் கீழே தெரிந்த கழுத்து அப்பாவின் கழுத்து. அவர் அந்த நேரம் கடலில். காற்று ஒரு மாதிரி. இங்கே நான் கேட்டால் அங்கே என்ன நடக்கும்? இங்கேயுள்ள கிழவர் வேறு, அங்கேயுள்ள அப்பா வேறு என்று மூளை சொன்னது. வயிறு கேட்கவில்லை.

மேடம் பேனையை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பரீட்சகர் கதவை நெருங்கிவிட்டார். இனி முடிந்தது என்று நினைத்த நேரம், மேசையில் தண்ணீர் ஜாடி கண்ணில் பட்டது. என் கைகள் தாமாக வேலை செய்தன. கிளாஸில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். மேசையைச் சுற்றி ஓடி, கதவுக்கு முன்னால் போய்த் திரும்பி, அவருக்கு எதிரே நடந்து வந்தேன். தற்செயலாக வருவதுபோல.

அவர் நின்றார். தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நன்றி என்று சொல்லி, கிளாஸை வாங்கி, மளமளவென்று முழுவதையும் குடித்துவிட்டார்.

“நோ!” என்று கத்தினேன்.

ஒரு வருடத்தில் அந்த மொழியில் நான் யோசிக்காமல் சொன்ன முதற்சொல் அது. நிறைகுடம் எதிரே வந்தால் நல்லது. அதை ஒருவர் நடுவழியில் குடித்து வெறுமையாக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அப்படி யாரும் செய்ததில்லை.

அவர் பதறிப்போனார். ஏன், என்ன, தண்ணீரில் ஏதாவதா என்று கேட்டார். நான் பேசத் தொடங்கினேன். அப்பா. மீனவர். இன்று கடல். காற்று கெட்டது. வீட்டில் கேள்வி இல்லை. எங்கே என்று கேட்பதில்லை, ஒருபோதும் இல்லை. அம்மா தண்ணீரோடு வருகிறார். அப்பா குடிப்பதில்லை. நீங்கள் குடிக்கிறீர்கள். எனக்குப் பயம். சின்ன வயதில் நான் கேட்கிறேன், அப்பா நித்திரை கொள்கிறார், பாண் மட்டும். துவக்கோடு ஒருவர் கேட்கிறார், அப்பாவின் குரல் சின்னது. அந்த மொழியில் எனக்கு நிகழ்காலம் மட்டும்தான் வாயில் வரும். அதனால் எல்லாம் அந்த அறையில் அப்போதே நடப்பதுபோல் வந்தது. கண்ணீரும் வந்தது. திலினியின் சட்டைக்கையால் துடைத்தேன், அவள் தாயின் வாசத்தை என் மூக்குநீரால் கெடுத்தேன்.

பரீட்சகர் தொப்பியைக் கழற்றினார். கிளாஸை மறுபடி விளிம்புவரை நிரப்பி மேசையில் வைத்தார். ஒரு துளி சிந்தாமல், மிகக் கவனமாக. பிறகு உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார், “சரி. அப்படியானால் புறப்படுகிறவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

“ஒன்றும் சொல்வதில்லை” என்றேன். “நிற்கிறோம்.”

அவர் எதையோ எழுதினார். நான் வெளியே வந்து சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். திலினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொலைபேசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் அம்மா எடுத்தார்.

“அப்பா வந்துட்டாரு. கும்புளா மீன் நல்லாப் பட்டிருக்கு. நீ என்னா செஞ்ச?”

“தண்ணி குடுத்தேம்மா” என்றேன்.

“பரீட்சையிலயா? யாருக்கு?”

விளக்க எனக்குத் தெம்பிருக்கவில்லை. அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் தெரியாது.

பெறுபேறு வந்தபோது மேடம் கூப்பிட்டுச் சொன்னார், கேள்வி கேட்கும் பகுதியில் எனக்குப் பூச்சியம். கொடுக்க வழியில்லை, நான் கேட்கவில்லை. மற்றப் பகுதியில் பரீட்சகர் அள்ளிப் போட்டிருந்தார். மொத்தத்தில் தப்பினேன். மாமி அடுத்த தையில் மகனுக்கு வேறிடத்தில் முடித்தார். கல்யாணத்தில் என்னைக் கண்டதும், “ஏதோ ரெண்டு சொல்லு கதையேன் பாப்பம்” என்றார். கதைத்தேன். விளங்காமலே தலையாட்டினார். இப்போது தன் மருமகளிடம், நான் சொல்லித்தான் இவள் படித்தாள் என்கிறாராம். இருக்கட்டும்.

அதற்குப் பிந்திய வருடங்களைச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், முடித்தேன், வகுப்புகள் எடுத்தேன். திலினி இத்தாலிக்குத் தாயிடம் போனபோது அந்தக் கம்பளிச் சட்டையை எனக்கே விட்டுப்போனாள், நான் அதைத் தோய்க்கவே இல்லை. இதற்கிடையில் ஊரில் பலது இல்லாமல் போய்விட்டது. சந்தியில் மண்மூட்டை இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை. அங்கே பஸ் வரும்போது யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. பஸ்ஸில் பிள்ளைகள் தமிழில் சத்தமாகச் சண்டை பிடிக்கிறார்கள். கடலுக்குப் போக அப்பா இடுப்பில் பொலித்தீனில் சுற்றிவைத்திருந்த கடற்படையின் பாஸ் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. அப்பா தோணி இறக்கிய கரையைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அவருக்கு முழங்கால் பழுதாகி, கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அம்மா விடிய எழுந்து வேலிக்குப் பின்னால் நிற்பதில்லை. அந்தக் குடம் குசினி மூலையில் கவிழ்ந்துகிடந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

இன்று விடிய அம்மா அந்தக் குடத்தை மினுக்கி எடுத்தார்.

சூட்கேஸை இழுத்துக்கொண்டு நான் படலையைத் திறந்தேன். அம்மா ஒழுங்கை மூலையில் தற்செயலாகக் காத்துக்கொண்டிருந்தார். மாமியும் வந்திருந்தார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. அப்பா வாசற்கதிரையிலிருந்து எழும்பவில்லை. நான் ஓரடி வெளியே வைத்தேன்.

“எங்கம்மா போற?” என்று கேட்டார் அப்பா.

பழைய குரல். அடுத்த வாடிக்குக் கேட்கிற குரல்.

அம்மாவின் குடத்தில் தண்ணீர் தளும்பியது. “உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா!” என்று கத்தினார். மாமி, “தம்பி, வாய மூடு” என்றார். நான் படலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த விதியை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. கேட்டால் திரும்பி வர வேண்டும். வந்து உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும்.

சூட்கேஸைப் படலையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தார். முடிந்தளவு மெதுவாகக் குடித்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸ் காலியானதும் கையை விட்டார்.

இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்லலாம். சற்று முன்பு, விமான நிலையத்தின் இந்த மண்டபத்துக்குள் விடுகிற மேசையில், குடிவரவு அலுவலர் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து கேட்டார், “கொஹெத யன்னே?” சந்தியில் அப்பாவிடம் சிப்பாய் கேட்ட அதே கேள்வி. இத்தாலிக்கு, படிக்க, என்று சொன்னேன். எந்த நகரம் என்றும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முத்திரை குத்தினார். நான் திரும்பிப் போய் உட்காரவில்லை. கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.